ஜிஃபோர்ஸ் 210-க்கு ஒரு லினக்ஸ்

திருச்சி தென்னூர் உழவர் சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கல்லூரி விண்ணப்பம், மின்கட்டணம், பத்திர நகல், பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று காலையிலேயே ஆள் சேர்ந்துவிடும். கடையை நடத்தும் அக்காவிடம் இருப்பது 2010-இல் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு கணினி. இன்டெல் ஜி41 மதர்போர்டு, கோர் 2 டியோ பிராசசர், 4 ஜிபி ரேம். என்றோ ஒரு மழைநாள் மின்னலில் மதர்போர்டின் விஜிஏ போர்ட் போய்விட, அதற்கு மாற்றாகச் சொருகிய ஜிஃபோர்ஸ் 210 கிராபிக்ஸ் கார்டு இன்றுவரை உழைக்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11 இந்தப் பெட்டியை ஏற்காது. டிபிஎம் 2.0 வேண்டும், ஏறக்குறைய 2018-க்குப் பிந்தைய பிராசசர் வேண்டும் என்பது அதன் விதி.

"தம்பி, புதுசு வாங்க இப்ப கையில காசு இல்ல. பையன் லினக்ஸ் போட்டா ஓடும்னு போட்டான். முதல்ல நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் ஏதோ டிரைவர் போடறேன்னான், இப்ப திரை கருப்பாவே நிக்குது. இதை எடைக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டார் அக்கா.

எடைக்குப் போட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பையன் போட்டிருந்தது லினக்ஸ் மின்ட் 22. அதன் டிரைவர் மேனேஜர் எதையும் பரிந்துரைக்கவில்லை என்பதால் அவனே டெர்மினலில் என்விடியாவின் 470 வரிசை டிரைவரை நிறுவியிருக்கிறான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரை வந்தது. லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவேட்டைத் திறந்தால் விஷயம் அங்கேயே எழுதியிருந்தது: இந்தக் கார்டு 340 வரிசைப் பழைய டிரைவருக்கு உரியது, 470 இதைக் கண்டுகொள்ளாது. நோய் இன்னதென்று இயந்திரமே எழுதிவைத்திருக்கிறது. திரை இருண்டிருந்ததால் யாருக்கும் அதைப் படிக்க வாய்க்கவில்லை.

470-ஐ நிறுவும்போது இன்னொரு காரியமும் நடந்துவிடுகிறது. அதுவரை கார்டை ஓட்டிக்கொண்டிருந்த நூவோ என்ற திறந்த டிரைவரை அது தடைப்பட்டியலில் சேர்த்துவிடும். ஒரே கார்டை இரண்டு டிரைவர் பிடித்து இழுக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆக, வந்தவர் வேலையை ஏற்கவில்லை, இருந்தவரையும் வெளியே அனுப்பியாகிவிட்டது. 470-ஐ நீக்கிவிட்டு மறுபடி பூட் செய்தோம். படம் வந்தது.

பழைய கார்டுக்கு எந்த லினக்ஸ் நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘லைட்டா இருக்கிற ஒண்ணு’ என்பதுதான். வழங்கல், அதாவது லினக்ஸ் தொகுப்பு, லேசாக இருந்தால் ரேமுக்கு நல்லது, மெதுவான ஹார்ட் டிஸ்குக்கும் நல்லது. கிராபிக்ஸ் கார்டுக்கு அது பதிலே ஆகாது. கார்டின் மேலுள்ள சில் எது, அந்தச் சில்லுக்கு இன்று உயிரோடு இருக்கும் டிரைவர் எது, அந்த டிரைவர் எந்தக் கெர்னலோடு ஒத்துப்போகும் என்று பார்த்துக்கொண்டே வந்தால், வழங்கலின் பெயர் கடைசியில் தானாக வந்து நிற்கும்.

திரையில் ஒரு படம் தெரிவதற்குள் எவ்வளவு வேலை நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். 1366-க்கு 768 அளவுள்ள திரையில் 10,49,088 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 4 பைட். ஒரு முழுப் படத்துக்கு 4 எம்பிக்குச் சற்று மேல். நொடிக்கு 60 முறை அதைத் திரைக்கு அனுப்ப வேண்டும். நொடிக்குச் சுமார் 250 எம்பி. இது வெறும் அனுப்பும் கணக்கு. சன்னல்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது, நிழல் போடுவது, எழுத்தின் ஓரத்தை மழுப்புவது எல்லாம் தனி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே மாதிரிக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்பதால், சிறிய கணக்கு மையங்கள் பலவற்றை வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் போட வைக்கிறார்கள். அதுதான் கிராபிக்ஸ் சில். ஜிஃபோர்ஸ் 210-இல் அத்தகைய மையங்கள் 16. 2009-இல் வந்த அந்த வரிசையில் அதுவே கடைக்குட்டி.

நிரல் நேரடியாகச் சில்லோடு பேச முடியாது. திருவரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் நிற்பவர் கருவறை வரை போக ஏழு சுற்றுகளைத் தாண்ட வேண்டியிருப்பதைப் போல, இங்கும் வாசலுக்கு அப்பால் வாசல். ஃபயர்பாக்ஸ் ஒரு பக்கத்தை வரையச் சொல்கிறது. டெஸ்க்டாப் சூழல் அதற்குச் சன்னல் தருகிறது. எக்ஸ் அல்லது வேலாண்ட் என்ற காட்சி ஏற்பாடு அதைத் திரையில் இடம் பார்த்து வைக்கிறது. மெசா என்ற நூலகம் ‘வரை’ என்ற பொதுவான சொல்லை இந்தச் சில்லுக்குப் புரிகிற கட்டளையாக மாற்றுகிறது. பிரையன் பால் 1993-இல் தனியொருவராக எழுதத் தொடங்கிய நூலகம் அது. கெர்னலில் இருக்கும் டிரைவர் அந்தக் கட்டளையைச் சில்லிடம் சேர்க்கிறது. சில வகைச் சில்களுக்கு ஃபர்ம்வேர் என்ற சிறு நிரலையும் முதலில் ஏற்ற வேண்டும். எந்த வாசல் அடைத்திருந்தாலும் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

நின்றாலும் முழு இருட்டு வர வேண்டும் என்பதில்லை. மெசாவுக்குள் எல்எல்விஎம்பைப் என்றொரு மாற்று வழி உண்டு. சில்லை மறந்துவிட்டு, எல்லாப் புள்ளிகளையும் பிராசசரே கணக்கிடும். படம் சரியாக வரும். மவுஸை நகர்த்தினால் பிராசசர் முழு மூச்சில் ஓடும், மின்விசிறி இரையும். கணினி பழசாகிவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த நிலையில்தான். மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப் இந்த நேரத்தில் ‘மென்பொருள் வரைவு முறையில் இயங்குகிறேன்’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு காட்டும். அதை மூடிவிட்டுப் போகாமல் நின்று படிக்க வேண்டும்.

இனி சில்லின் பெயர். பெட்டியில் அச்சிட்ட பெயர் விற்பனைக்கானது. அதை வைத்துக்கொண்டு டிரைவர் தேடினால் ஏமாற்றம்தான். என்விடியாவின் 600 வரிசை என்றால் கெப்ளர் தலைமுறை என்று எல்லாரும் நினைப்பார்கள். நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைத்த ஜிடி 610-இன் உள்ளே இருப்பது அதற்கு முந்தைய ஃபெர்மி சில். ஜிடி 730 இன்னும் சிக்கல். ஒரே பெயரில் ஃபெர்மி சில்லோடும் வந்தது, கெப்ளர் சில்லோடும் வந்தது. இரண்டுக்கும் வேறு வேறு டிரைவர். அட்டைப் பெட்டியைத் தொலைத்தவருக்குக் கூட நட்டம் இல்லை, அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத விஷயம் இது.

தெரிந்துகொள்ளும் வழி எளிது. ஏதாவது ஒரு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டி, டெர்மினலில் எல், எஸ், பி, சி, ஐ என்ற 5 எழுத்தை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். சேர்த்து ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, என், என், கே. மதர்போர்டில் சொருகியிருப்பவை எல்லாம் பட்டியலாக வரும். விஜிஏ என்று தொடங்கும் வரியில் சில்லின் பெயரும் இரண்டு எண்களும் இருக்கும். முதல் எண் தயாரித்தவரைச் சொல்லும். என்விடியாவுக்கு 10டிஇ, ஏஎம்டிக்கு 1002, இன்டெல்லுக்கு 8086. இன்டெல் தன் 1978-ஆம் ஆண்டு பிராசசரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டது. இரண்டாவது எண் சில்லைச் சொல்லும். அக்காவின் கணினியில் வந்தது 10டிஇ:0ஏ65. அதாவது ஜிடி218, டெஸ்லா தலைமுறை. அதே இடத்தில் கீழே, இப்போது எந்த டிரைவர் கார்டைப் பிடித்திருக்கிறது என்பதும் இருக்கும். மருத்துவரிடம் போகும்முன் இரத்தப் பிரிவைத் தெரிந்துவைத்திருப்பது மாதிரி இது.

என்விடியா தலைமுறைகளுக்கு அறிவியலாளர்களின் பெயர்களை வைக்கும் நிறுவனம். டெஸ்லா 2006 இறுதியில் தொடங்கியது. அதற்கான 340 வரிசை டிரைவரின் கடைசிப் பதிப்பு 2019 டிசம்பரில் வந்தது. 2010-இல் வந்த ஃபெர்மிக்கு 390 வரிசை. அது 2022-இல் முடிந்தது. 2012-இன் கெப்ளருக்கு 470 வரிசை, 2024-இல் முடிந்தது. அடுத்து வந்த மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளை ஏற்கும் கடைசி வரிசை 580. 2025 டிசம்பரில் வந்த 590 வரிசை அவற்றை விட்டுவிட்டது. ஆர்ச் லினக்ஸ் போல எப்போதும் புதியதையே தரும் உருளும் வழங்கல்களில் இருந்தவர்கள் அந்த மாதம் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. நேற்றுவரை ஓடிய ஜிடிஎக்ஸ் 1060, ஒரு வழக்கமான அப்டேட்டுக்குப் பின் டிரைவர் இல்லாமல் நின்றுவிடக்கூடும்.

நிறுவனம் கைவிட்டால் என்ன, பழைய டிரைவரையே வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாதா என்று பையன் கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான்.

லினக்ஸ் கெர்னல் வெளியே இருக்கும் நிரல்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது: உங்களோடு பேசும் முறையை மாற்ற மாட்டோம். 15 வருடத்துக்கு முன் தொகுத்த நிரல் இன்றும் ஓடுவது அதனால்தான். கெர்னலுக்கு உள்ளே இருக்கும் பாகங்களுக்கு அந்த வாக்கு கிடையாது. உள்ளே எதையும் எப்போதும் திருத்தி எழுதுவார்கள். இது ஏன் என்று கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய ஓர் ஆவணம் கெர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே வருகிறது. டிரைவரின் நிரல் கெர்னலோடு சேர்ந்து இருந்தால், உள்ளமைப்பை மாற்றுபவரே டிரைவரையும் அதற்கேற்பத் திருத்திவிடுவார். வீட்டுக்குள் இருக்கும் குழாயை மாற்றும்போது எல்லா இணைப்பையும் சேர்த்து மாற்றுவதைப் போல. மூடிய டிரைவர் வெளியே இருந்து வருவது. அதன் பெரும்பகுதி தொகுத்து முடித்த எண்களாகவும், கெர்னலோடு ஒட்டுவதற்கு ஒரு மெல்லிய பகுதி மட்டும் மூலநிரலாகவும் வரும். ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அந்த ஒட்டுப்பகுதியைத் திரும்பத் தொகுக்க வேண்டும். நிறுவனம் உயிரோடு பராமரிக்கும் வரை அது நடக்கும். நிறுத்திய பிறகு ஏதோ ஒரு கெர்னல் பதிப்பில் ஒட்டு விட்டுப்போகும். ஆர்வலர்கள் ஒட்டுப்போட்டு இன்னும் சில பதிப்பு தள்ளுவார்கள். ஒட்டுப்பகுதியை அவர்கள் தொடலாம், பூட்டியிருக்கும் பெரும்பகுதியைத் தொட முடியாது. அதில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆள் இல்லை.

மூடிய டிரைவர்தான் வேண்டும் என்பவர் பழைய கெர்னலோடு இருக்கும் வழங்கலைப் பிடித்துக்கொள்வது இதனால்தான். கெப்ளர் கார்டு வைத்திருப்பவருக்கு 6.1 கெர்னலோடு வந்த டெபியன் 12 பொருந்தும். 470 அதன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. ஃபெர்மிக்கு 5.15 கெர்னலோடு வந்த லினக்ஸ் மின்ட் 21 வரிசை. 390-ஐ அங்கே நிறுவலாம், 2027 ஏப்ரல் வரை மின்ட் அதற்குத் திருத்தங்கள் தரும். அங்கே கெர்னலைப் புதுசாக்கும் ஆசை மட்டும் கூடாது. இவை தவணை வாங்கிக் கொடுக்கும் வழிகள். தவணை முடியும் தேதி தெரிந்தே எடுக்க வேண்டும்.

மறுபக்கமான திறந்த டிரைவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை பிறந்தது. 2006-இல் கனடாவின் ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி வாங்கியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், தன் கிராபிக்ஸ் சில்கள் எப்படி வேலை செய்கின்றன என்ற ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் என்ன நடக்கும் என்பது வரை. அதைப் படித்து யார் வேண்டுமானாலும் டிரைவர் எழுதலாம், எழுதினார்கள். ஏடிஐ 2002-இல் வெளியிட்ட ரேடியான் 9700 கார்டின் குடும்பத்துக்கு இன்றைய மெசாவிலும் டிரைவர் இருக்கிறது. 2012-இன் கெப்ளர் கார்டுக்குத் தயாரித்தவரின் டிரைவர் முடிந்துபோயிற்று. அதற்குப் பத்து வயது மூத்த ரேடியானுக்கு இன்னும் ஆள் இருக்கிறது. சிலிக்கானின் தரத்தில் வந்த வேறுபாடு இல்லை இது. ஒன்றின் உள் விவரம் ஊர் அறிந்தது, மற்றொன்றினுடையது அறியாதது.

அக்காவின் கடையில் ஜிஃபோர்ஸ் 210-க்குப் பதில் அதே காலத்தில் ஏறத்தாழ அதே விலையில் கிடைத்த ரேடியான் எச்டி 5450 இருந்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. டெபியன் 13-ஐயோ மின்ட் 22-ஐயோ போட்டால் நேராக ஓடியிருக்கும். அதிலும் ஒரு கண்ணி உண்டு: ரேடியானுக்கு ஃபர்ம்வேர் வேண்டும். டெபியன் 11 வரை கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2022-இல் டெபியன் பங்களிப்பாளர்கள் வாக்கெடுத்து அதை மாற்றினார்கள். டெபியன் 12 முதல் வட்டிலேயே இருக்கிறது. யாரேனும் தரும் பழைய வட்டில் ரேடியான் இருட்டாக வந்தால் இதை நினைவில் கொள்ளலாம்.

நூவோ பிறந்த கதை வேறு. என்விடியா ஆவணம் தராத நாளில், பிரெஞ்சுக்காரர் ஸ்டெஃபான் மார்ஷெசான் தொடங்கிவைத்தது. மூடிய டிரைவர் கார்டுக்கு என்னென்ன எண்களை அனுப்புகிறது என்று ஒட்டுக்கேட்டு, ஒன்றை மாற்றினால் திரையில் என்ன மாறுகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்புகளிலிருந்து டிரைவர் எழுதினார்கள். அகராதி இல்லாமல், பேசுபவரின் கையசைவைப் பார்த்தே ஒரு மொழியைக் கற்றுக்கொண்டதற்கு ஒப்பான உழைப்பு. 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33 கெர்னலில் அது சேர்ந்தது. சேர்ந்த பிறகு வீட்டுக்குள் இருக்கும் குழாய்தான். யார் எதை மாற்றினாலும் நூவோவும் கூடவே திருத்தம் பெறுகிறது.

நூவோவின் குறையைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. கார்டுகள் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் குறைந்த வேகத்தில் எழுந்து, வேலை வரும்போது வேகம் கூட்டும். வேகம் கூட்டுவதென்றால் மின்னழுத்தம், நினைவகத்தின் நேரக் கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகத் துல்லியமாக மாற்ற வேண்டும். ஒட்டுக்கேட்டுக் கற்றவர்களுக்கு இது கடினமான பாடம். கெப்ளரிலும், டெஸ்லாவின் பிற்காலச் சில்களிலும் கையால் வேகத்தை ஏற்ற முடிகிறது. ஃபெர்மி எழுந்த வேகத்திலேயே நிற்கும். ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதல், என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது. நூவோவில் ஓட்டினால் ஜிடிஎக்ஸ் 960-ஐ விட அதற்கு மூத்த ஜிடிஎக்ஸ் 680 வேகமாக ஓட முடியும் என்ற நிலை இதனால் வந்தது. விளையாட்டும் முப்பரிமாண வேலையும் வேண்டுபவர்களுக்கு இது பெரிய குறை. விண்ணப்பம் நிரப்பும் கடைக்கு எழுந்த வேகமே போதும்.

அடுத்து டெஸ்க்டாப். எக்ஸ் என்ற 1984-ஆம் ஆண்டு ஏற்பாட்டை விட்டு எல்லாரும் வேலாண்டுக்கு நகர்கிறார்கள். உபுண்டு 25.10-இல் குனோம் டெஸ்க்டாப்பை எக்ஸ் மேல் ஓட்டும் தெரிவே கிடையாது. என்விடியாவின் மூடிய டிரைவர், வேலாண்ட் சூழல்கள் பொதுவாக எதிர்பார்க்கும் ஜிபிஎம் முறையை 2021-இன் 495 வரிசையில்தான் கற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய 340, 390, 470 மூன்றும் எக்ஸ் காலத்துப் பிள்ளைகள். பழைய மூடிய டிரைவரும் புதிய குனோமும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. எக்ஸ்எஃப்சிஇ போன்ற எக்ஸ் சார்ந்த டெஸ்க்டாப் இங்கே கைகொடுக்கிறது. ரேம் குறைவாகக் கேட்கிறது என்பது கூடுதல் நன்மை. திறந்த டிரைவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, எக்ஸ், வேலாண்ட் இரண்டிலும் ஓடும்.

கார்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிராசசரை மறந்துவிடக் கூடாது. சில வழங்கல்கள் பழைய பிராசசர்களைக் கழித்துவிட்டன. ஓப்பன்சூசே லீப் 16-ம் ரெட்ஹேட் நிறுவன லினக்ஸ் 9-ம் எஸ்எஸ்இ 4.2 போன்ற கட்டளைகளை எதிர்பார்க்கின்றன. கோர் 2 டியோவில் அவை இல்லை. டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றும் இன்னும் முதல் தலைமுறை 64 பிட் பிராசசரையே அடிப்படையாகக் கொள்கின்றன. 32 பிட் மட்டுமே தெரிந்த பழைய பென்டியம் 4 என்றால் வாய்ப்பு சுருங்கும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கு நிறுவல் வட்டு இல்லை. டெபியன் 12-ம் அதன்மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23-ம் மிச்சம்.

இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸ் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் படித்துக் கவலைப்பட வேண்டாம். ஜி31, ஜி41, எச்61 என்று நம் ஊரில் ஆயிரக்கணக்கில் பூட்டிய போர்டுகள் எல்லாவற்றுக்கும் திறந்த டிரைவர் கெர்னலிலேயே உண்டு. ஜி41 முதலான தலைமுறைகளுக்கு டேவ் ஏர்லி எழுதிய குரோக்கஸ் என்ற புதிய டிரைவர் 2021-இல் மெசாவில் சேர்ந்தது. 2008-இன் சில்லுக்கு 2021-இல் ஒருவர் உட்கார்ந்து புதிதாக டிரைவர் எழுதியிருக்கிறார் என்பதை அக்காவின் பையனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. வீட்டில் விஜிஏ போர்ட் நல்லபடியாக இருந்து, சொருகியிருக்கும் பழைய கார்டு தொல்லை கொடுத்தால், அதைக் கழற்றிவிட்டு உள்ளமைந்த கிராபிக்ஸில் ஒருநாள் ஓட்டிப் பார்ப்பது நல்ல யோசனை. விதிவிலக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு, சில நெட்புக்குகளில் இருந்த ஜிஎம்ஏ 500. பெயர்தான் இன்டெல், உள்ளே இருப்பது பவர்விஆர். லினக்ஸில் அதற்குப் படம் வரும், முப்பரிமாண வேகம் வராது.

திறந்த டிரைவரும் சாகாவரம் பெற்றதில்லை. 2023 ஏப்ரலில் வந்த 6.3 கெர்னல், இன்டெல் 810, ரேஜ் 128, வூடூ போன்ற மிகப் பழைய சில்களின் டிரைவர்களை நீக்கியது. 2000 வாக்கில் திருச்சி பிரவுசிங் சென்டர்களில் இருந்த பெட்டிகளின் காலத்துச் சில்கள் அவை. பயன்படுத்துவோரும் பராமரிப்போரும் இல்லாமல் போன பின்பே எடுத்தார்கள். மூலநிரல் பழைய பதிப்புகளில் எல்லாரும் பார்க்க அப்படியே இருக்கிறது.

இது திருச்சி என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், சாலையோரக் கடையில், 15 வருடம் ஓடிய கார்டின் மின்விசிறி எப்படி இருக்கும்? மூடியைத் திறந்தபோது தூசி பஞ்சுப் பொதியாய் அடைத்திருந்தது. விசிறியை விரலால் தள்ளினால் அரைச்சுற்றில் நின்றது. திரையில் பச்சைக் கோடு, கட்டம் கட்டமாகப் புள்ளி, நடுநடுவே உறைதல் என்று வந்தால் லினக்ஸைக் குறை சொல்லும்முன், கணினியை அணைத்து மறுபடி போட்டு, பயாஸ் எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். லினக்ஸ் ஏறுவதற்கு முன்பே அந்தக் கோடுகள் தெரிந்தால் கோளாறு கார்டில். பயாஸில் சுத்தமாக இருந்து, டெஸ்க்டாப் வரும்போது மட்டும் கெட்டால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். இந்த ஒரு சோதனை பல நாள் வீண் அலைச்சலைத் தவிர்க்கும். பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டி, சில்லுக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே காய்ந்திருந்த பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவி, விசிறியின் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டோம். 2007, 2008 காலத்து மடிக்கணினிகளில் இருந்த என்விடியா சில்களில் சிலவற்றுக்கு இந்த வைத்தியமும் உதவாது. சில்லை அட்டையோடு இணைக்கும் பகுதி சூட்டில் விட்டுப்போகும் குறை அவற்றில் இருந்தது. அந்த நிறுவனமே 2008 ஜூலையில் அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. எந்த வழங்கலும் அதைச் சரிசெய்யாது.

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குள் லினக்ஸ் எப்போதோ வந்துவிட்டது என்பது பலருக்கு நினைவில் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய வழங்கல் அது. பூட் ஆகும்போது இரண்டு பெயர் தெரிந்த அந்தக் கணினிகள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன. அக்காவின் வீட்டிலும் அவர் தம்பிக்கு அந்தத் திட்டத்தில் கிடைத்த ஒன்று இருந்தது. அதில் இன்டெல் கிராபிக்ஸ். மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினேன், கிராபிக்ஸ் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுந்துகொண்டது.

கடைக் கணினிக்கும் அதையே வைத்தோம். பையன் முதலில் போட்டிருந்த சின்னமன் பதிப்புக்குப் பதில் எக்ஸ்எஃப்சிஇ, மூடிய டிரைவர் எதுவும் இல்லை, நூவோ மட்டும். 2029 வரை திருத்தங்கள் வரும். நிறுவும் நேரத்தில் திரை நின்றுவிட்டால் பூட் பட்டியலில் உள்ள ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் அவனுக்குக் காட்டினேன். டிரைவர்கள் திரையின் அளவை மாற்ற முயலாமல், இருப்பதைக் கொண்டு படம் காட்டும் முறை அது. நிறுவி முடியும் வரைதான் அது தேவை. யூடியூபுக்கு இந்தக் கார்டின் வீடியோச் சில்லால் உதவி இல்லை. அங்கே பெரும்பாலும் வரும் விபி9 வடிவம் 2009-இல் யாருக்கும் தெரியாது. வீடியோவின் வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழுகிறது. 480பி அளவில் தடங்கலின்றி ஓடியது. கடையில் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

அதிக நேரம் எடுத்தது கிராபிக்ஸ் கார்டு இல்லை, எச்பி லேசர்ஜெட் 1020 பிரின்டர். தமிழ்நாட்டு ஜெராக்ஸ் கடைகளின் செல்லப்பிள்ளை. அதன் உள்ளே ஃபர்ம்வேரை நிரந்தரமாக வைக்க இடம் கிடையாது, ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் கணினிதான் ஏற்ற வேண்டும். அதற்கான தனிக் கோப்பை ஒருமுறை இறக்கி வைத்ததும் வேலை முடிந்தது.

முதல் பக்கம் அச்சாகி வந்தபோது அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எழுத்து அப்படியேதான் இருக்கு" என்றார். பையன் பிரின்டர் தட்டிலிருந்து இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்து நாலாக மடித்துக் கிழித்தான். ‘ஜிடி218, டெஸ்லா, 340 முடிந்தது, நூவோ போதும், விசிறிக்கு எண்ணெய்’ என்று பேனாவில் எழுதி, அன்றைய தேதி போட்டு, கேபினெட் மூடியின் உட்புறத்தில் செல்லோ டேப்பால் ஒட்டினான். மூடியை மாட்டி, நான்கு திருகையும் அவனே முடுக்கினான்.